பொறியும் பொறிப்பும்

கைத்தொழில் ஒன்றைத் தொடங்க விரும்புவோர் பெரும்பாலும், "எந்தப் பொறியை வாங்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே வருவர். அது கேட்கப்பட வேண்டிய கேள்விதான். ஆயினும் இரண்டாவதாகக் கேட்கப்பட வேண்டியது. "நாம் செய்யப்போவது யாது? அதன் அளவு என்ன?" என்பதே முதலாவது. முதற் கேள்விக்கு விடை காணாமல் கடைக்குப் போகிறவனுக்குக் கடைக்காரனே விடை சொல்லிவிடுவான். அவ்விடை பெரும்பாலும் கடையில் உள்ளவற்றுள் விலை கூடிய பொறியாகவே இருக்கும்.

தோலிலே எழுத்தும் சித்திரமும் பதிக்கும் தொழிலை வைத்து இதனை விளக்க விரும்புகிறேன். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓர் அச்சகத்திலே புத்தகம் கட்டும் பகுதியில் வேலை செய்தவன். பெரிய கணக்குப் புத்தகங்களின் முதுகிலே தோல் ஒட்டி, அதன்மேல் எழுத்துப் பதிப்பது என் அன்றாடக் கருமமாக இருந்தது. அத்தகைய புத்தகங்களைக் கட்டுவிப்போர் இன்று அரியர். ஆனால் தோலில் எழுத்துப் பதிக்கும் கலை அழிந்துவிடவில்லை. பணப்பை, கைப்பை, இடுப்புப் பட்டி, நாட்குறிப்பின் உறை என்று வேறு பொருள்களிலே அது குடியேறியிருக்கிறது. வீட்டிலிருந்தே பொருளீட்ட விரும்பும் பெண்களும், படிப்பை முடித்து வேலைக்குக் காத்திருக்கும் இளைஞரும் இத்தொழிலை நாடுவதைக் காண்கிறேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

என் தமக்கையின் மகள் அவர்களுள் ஒருத்தி. இரண்டு ஊசிகளைக் கொண்டு இருபுறமும் தோலைத் தைக்க நன்றாகப் பழகியவள். வாங்குவோரின் பெயரைப் பதிக்க வேண்டின், இரும்பெழுத்துக்களை ஒவ்வொன்றாக நிறுத்திச் சுத்தியலால் அடிப்பாள். ஓர் எழுத்து ஆழ்ந்து கிடக்கும். அடுத்தது மேலோடு நிற்கும். மூன்றாவது சற்றே சரிந்திருக்கும். தையலைப் புகழ்ந்தவர்களும் எழுத்தைக் கண்டு முகம் சுளித்தனர். ஆகவே அமுக்கிப் பதிக்கும் பொறி ஒன்று வாங்க எண்ணினாள். தொழிலாளர் அதனைப் 'பிரஸ்' என்றே வழங்குவர். கொழும்பிலே ஒரு வியாபாரி பத்துத் தொன் பொறியொன்றைக் காட்டி, அதைவிடக் குறைந்தது எதற்கும் உதவாது என்று சொல்லியிருந்தார். அதன் விலைக்குத் தாயின் சோடிக் காப்பை அடைவு வைத்தாலும் போதாது. மேலும் கடன்பட வேண்டும். தந்தையை இழந்த அக்குடும்பத்துக்கு அந்தக் காப்புச் சோடியே கடைசிக் கையிருப்பு.

"மாமா, பத்துத் தொன் எண்டால் எதையும் பதிக்கலாமாம். பலம் கூட இருந்தால் நல்லதுதானே?" என்று கேட்டாள்.

"பிள்ளை, எவ்வளவு பலம் வேணும் எண்டதைப் பொறி சொல்லாது. நீ பதிக்கப்போற அச்சுத்தான் சொல்லும். முதலிலை ஒரு கொப்பியும் அடிமட்டமும் எடுத்துக்கொண்டு வா" என்றேன்.

கொப்பியிலே நான்கு கேள்விகளை எழுதச் செய்தேன். பதிக்கப்போகும் அச்சுக்களுள் மிகப் பெரியது எவ்வளவு? அது பொருளின் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் விழ வேண்டும்? எந்தத் தோலில் விழ வேண்டும்? நாளொன்றுக்கு எத்தனை தடவை? இந்நான்கிற்கும் அவள் எழுதிய விடைகளே பின்னர் பொறியைத் தெரிந்துகொடுத்தன.

அவளுக்கு வரும் வேலைகளுட் பெரும்பாலானவை பெயர்களும் சிறு சின்னங்களுமே. அவை ஐந்து சென்ரிமீற்றர் சதுரத்துக்குள் அடங்குவன. கைப்பையின் மூடிக்கென அவள் வரைந்து வைத்திருந்த தாமரை ஒன்றே பெரியது. அது பத்துச் சென்ரிமீற்றர் சதுரம். அகலம் இரண்டு மடங்குதானே என்று தோன்றலாம். இங்கேதான் கணக்கு நம்மை எச்சரிக்கிறது. ஐந்து சென்ரிமீற்றர் சதுரத்தின் பரப்பு 25 சதுர சென்ரிமீற்றர். பத்துச் சென்ரிமீற்றர் சதுரத்தின் பரப்பு 100. ஒரு தொன் என்பது 1,000 கிலோகிராம். அந்த ஒரு தொன் விசை சிறிய அச்சின் முழுப் பரப்பிலும் பரவினால், ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் 40 கிலோகிராம் கிடைக்கும். பெரிய அச்சிலோ 10 கிலோகிராம்தான் கிடைக்கும். பக்கம் இரட்டித்தால் வேண்டிய விசை நான்கு மடங்காகும். தோலுக்குத் தெரிவது பொறியின் தொன் அன்று. தன்மேல் விழும் அமுக்கமே.

இக்கணக்கிற்கு மறுபக்கமும் உண்டு. அச்சின் மேடான பகுதி மாத்திரமே தோலை அமுக்குகிறது. கோடுகளால் ஆன தாமரை, சதுரம் முழுவதையும் அமுக்குவதில்லை. அவளது சித்திரத்திலே கோடுகளின் பரப்பு முழுச் சதுரத்தின் காற்பங்கும் வரவில்லை. ஆகவே பார்வைக்குப் பெரியதான அச்சு, வேலைக்குச் சிறியதாகவும் அமையலாம். அளந்து பார்த்தாலன்றி இதனை அறிய முடியாது.

இனி, பொறிகளின் வகையைப் பார்ப்போம். சிறு தொழிலாளருக்கு ஏற்றவை மூன்று வகை.

முதலாவது, கைபிடியை இழுத்தால் பற்சில்லொன்று சுழன்று பற்சட்டத்தைக் கீழே இறக்கும் நெம்புப் பொறி. ஒரு தொன் அளவினது மேசையின் ஓரத்திலே நிற்கும். வேகமாக வேலை செய்யும். தோல் எவ்வளவு இணங்குகிறது என்பதைக் கை உணரும். ஆனால் அதன் அமுக்கும் தண்டு ஒடுங்கியது. ஆகையால் தண்டின் கீழே தடித்த உருக்குத் தகடு ஒன்று வேண்டும். இல்லையேல் அச்சின் நடுப்பகுதி ஆழ்ந்து ஓரங்கள் மங்கிவிடும்.

இரண்டாவது, திருகுப் பொறி. திராட்சையும் ஒலிவமும் பிழிந்த திருகே 15 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலே அச்சியந்திரமாகவும் மாறியது. அதே நூற்றாண்டில் அங்குள்ள புத்தகம் கட்டுவோர், சித்திரம் வெட்டிய உலோகத் தகட்டை ஈரமான தோலின்மேல் வைத்துத் திருகின் கீழ் இறுக்கி, அட்டை முழுவதற்கும் ஒரே தடவையில் கோலம் பதித்தனர். நம்மூருக்கும் இத்திருகு புதியதன்று. 1834 ஆம் ஆண்டிலே மானிப்பாயில் அமெரிக்க மிஷனாரின் அச்சுக்கூடம் இயங்கத் தொடங்கியது. 1849 ஆம் ஆண்டிலே ஆறுமுக நாவலர் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். அச்சுக்கூடம் உள்ள இடத்திலே புத்தகத்தை இறுக்கும் இரும்புத் திருகும் இருக்கும். இப்பொறி மெதுவானது, ஆனால் அமுக்கத்தைப் பிடித்து வைத்திருக்கும். நாம் உறங்கும்போதும் அது வேலை செய்யும்.

மூன்றாவது, நீரியல் முறையில் இயங்கும் ஜக்குப் பொறி. லொறியைத் தூக்கும் ஜக்கை ஓர் இரும்புச் சட்டத்துள் வைத்தது போன்றது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்திலே கொடுத்த அமுக்கம் எங்கும் குறையாது பரவும் என்னும் பஸ்காலின் விதியை மாணவர்கள் படித்திருப்பர். அவ்விதியைக் கொண்டு ஜோசப் பிராமா என்னும் ஆங்கிலேயர் 1795 ஆம் ஆண்டிலே நீரியற் பொறிக்கு உரிமை பெற்றார். சிறு தண்டை மெல்ல அழுத்தினால் பெருந்தண்டு பெருவிசையுடன் நகரும். பை முழுவதற்கும் கோலம் பதிப்போர்க்கு இதுவே தகும். ஆனால் ஒவ்வொரு தடவையும் பல முறை அடித்து ஏற்ற வேண்டும். அமுக்கமானி இல்லையேல் எவ்வளவு அமுக்கினோம் என்பதைக் கை உணராது. மெல்லிய தோலில் அச்சு ஓட்டையாக விழுந்த பின்னரே தெரியும்.

வகையைத் தெரிந்த பின் உறுப்பைச் சோதிக்க வேண்டும். பொறியின் முதுகுக்கும் தண்டின் நடுவுக்கும் இடைப்பட்ட தூரத்தை அதன் தொண்டை எனலாம். முப்பது சென்ரிமீற்றர் அகலமும் இருபது சென்ரிமீற்றர் உயரமும் உள்ள மூடியின் நடுவிலே சித்திரம் விழவேண்டுமாயின், கிட்டிய விளிம்பிலிருந்து நடுவுக்குப் பத்துச் சென்ரிமீற்றர். தொண்டை அதனினும் குறைந்தால் எத்தனை தொன் இருந்தும் பயனில்லை. அடுத்து, தண்டைக் கையாற் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். தளர்வு இருக்குமாயின், அமுக்கும் கணத்தில் அச்சு விலகி எழுத்து இரட்டையாக விழும். ஒரு பக்கம் திறந்த சட்டம் பெருவிசையில் சற்றே வாய் பிளக்கும். இருபுறமும் தூண் உள்ள சட்டம் அவ்வாறு செய்யாது.

இன்னொரு சோதனைக்குச் செலவே இல்லை. வெள்ளைத் தாளின்மேல் காபன் தாளை வைத்து, அதன்மேல் அச்சை வைத்து மெல்ல அமுக்குக. தாளிலே எல்லாக் கோடுகளும் ஒரே கறுப்பாக விழுந்தால் பொறி மட்டமானது. ஒரு மூலை வெளிறினால் அந்த மூலையில் அமுக்கம் குறைவு. சிறு குறைவாயின் அப்பக்கத்திலே மெல்லிய தாள் ஒன்றிரண்டை அடியில் வைத்துச் சரிப்படுத்தலாம்; அச்சகத்தார் நாள்தோறும் செய்யும் வேலை இது. தாள் வைத்தும் சரிவராத பொறியை வாங்காமல் விடுவதே நன்று.

பொறியைப் பற்றி இவ்வளவு சொன்னேன். ஆயினும் பொறிப்பின் அழகிலே பாதிக்கு மேல் தோலைப் பொறுத்தது. தோல் பதனிடும் முறைகள் இரண்டு பிரதானமானவை. மரப்பட்டை, காய் முதலியவற்றின் துவர்ச்சத்தால் பதனிடுவது ஒன்று. தமிழ்நாட்டிலே ஆவாரம் பட்டையாற் பதனிட்டுக் கடுக்காயால் முடிக்கும் முறை உலகப் புகழ் பெற்றது. குரோமிய உப்பாற் பதனிடுவது மற்றது. சென்னைக்கு அண்மையிலுள்ள குரோம்பேட்டை என்னும் ஊர் அவ்வகைத் தோற்சாலை ஒன்றினாலேயே பெயர் பெற்றது. இன்று உலகிற் பதனிடப்படும் தோலிற் பெரும்பகுதி குரோமியத் தோலே. அது மென்மையானது, வெந்நீரையும் தாங்கும். ஆனால் அமுக்கினால் பஞ்சைப்போல மீண்டெழும். துவர்ப்பதனிட்ட தோலோ, ஈரத்தில் அமுக்கியதை உலர்ந்த பின்னும் விடாது.

என் மருமகளுக்கு இது பெருந்தொகையைக் காத்துக் கொடுத்தது. பாடசாலை ஒன்றின் பரிசளிப்பு விழாவுக்கு நாற்பது நாட்குறிப்பு உறைகள் செய்து தருமாறு அவளுக்கு ஒரு வேலை வந்திருந்தது. ஒவ்வோர் உறையிலும் மாணவரின் பெயர் விழவேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று ஒருவர் ஒரு கட்டுத் தோல் கொண்டுவந்தார். நிறம் அழகு, தொட்டால் பட்டு. பணம் கொடுப்பதற்கு முன் அவள் ஒரு துண்டை வெட்டி, விளிம்பைப் பார்த்தாள். உள்ளே நீலஞ்சாயல் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தது. ஒரு துளி நீரிட்டாள். அது முத்துப்போல உருண்டு நின்றது. ஈரத் துணியால் நன்றாகத் தேய்த்து நகத்தால் அழுத்தினாள். நகத்தடம் சில கணங்களில் மறைந்தது. "இது எனக்குச் சரிவராது, ஐயா" என்று மரியாதையாகவே திருப்பிக் கொடுத்துவிட்டாள். துவர்ப்பதனிட்ட தோலில் அந்தத் துளி உறிஞ்சப்பட்டுக் கறுக்கும். நகத்தடம் நிலைத்து நிற்கும். நாற்பது பெயர்களும் விழாவுக்கு முன்பே மறைந்துபோயிருந்தால், அடுத்த வேலை அவளைத் தேடி வந்திருக்குமா?

இனிப் பதிக்கும் முறை. அச்சுத் தகட்டை அச்சகத்தார் 'புளொக்' என்பர். பித்தளை உறுதியானது, மக்னீசியமும் நாகமும் மலிவானவை. தோலுக்கான தகடு கடதாசிக்கானதைவிட ஆழமாக அரிக்கப்பட வேண்டும். எழுத்து இடவலம் மாறியிருக்க வேண்டும். கண்ணாடியிலே பார்த்து வாசித்த பின்னரே தகடு செய்யக் கொடுக்கலாம். தமிழெழுத்திற்குத் தனிக் கவனம் தேவை. எழுத்து மிகச் சிறிதாயின் ணகரத்தின் சுழிகள் அடைபட்டுப் போகும். கூரான புள்ளி தோலைத் துளைத்துவிடும். ஆகவே சுழியை அகலமாகவும் புள்ளியைச் சற்றுப் பெரிதாகவும் வரைவித்துக்கொள்ளல் நன்று.

தோலைக் கடற்பஞ்சினால் ஒரே சீராக நனைத்துப் பிளாஸ்ரிக் பைக்குள் சில மணி நேரம், அல்லது ஓர் இரவு, மூடி வைக்க வேண்டும். ஈரம் உள்ளே பரவட்டும். இரண்டு நாள் மறந்துவிட்டால் நம் வெப்பத்திலே பூஞ்சணம் பிடித்துவிடும். வெளியே எடுத்து, மேற்புறத்தின் நிறம் ஏறக்குறைய முன்னைய நிறத்துக்குத் திரும்பும் வரை காத்திருக்க வேண்டும். அப்போது கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரியும், அதுவே பதம். நீர் கசியும் தோலில் கோடு குழம்பும். காய்ந்த தோலில் கோடு ஆழாது.

ஈரத்தோலில் இரும்பு படவே கூடாது. கடுக்காயையும் அன்னபேதியையும் கூட்டிக் கறுப்பு மை செய்தனர் நம் முன்னோர். கடுக்காயின் துவரும் அன்னபேதியிலுள்ள இரும்பும் கூடிப் பிறந்த கறுப்பு அது. அதே கூட்டு துவர்த்தோலில் நிகழ்ந்தால் கருநீலக் கறையாக நிற்கும். இரும்புப் பலகைக்கும் தோலுக்கும் இடையிலே மட்டை வைக்கலாம். மக்னீசியத் தகட்டை வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். ஈரம் அதனை அரித்துவிடும்.

சூடேற்றிய அச்சாலும் பதிக்கலாம். உலர்ந்த துவர்த்தோலுக்கு ஏறக்குறைய 100 பாகை செல்சியஸ் வெப்பம் பொருந்தும். ஆயினும் கழிவுத் துண்டொன்றில் முதலிலே பார்க்க வேண்டும். ஈரமான துவர்த்தோலுக்கு அந்த வெப்பம் ஆகாது. 70 முதல் 85 பாகைக்குள்ளேயே அது சுருங்கி மரக்கட்டைபோல் இறுகிவிடும். ஈரத்தையும் பெருவெப்பத்தையும் ஒன்றாகச் சேர்க்கலாகாது என்பதை மனத்திற் பதித்துக்கொள்க. அமுக்கியவுடன் கைபிடியை விட்டுவிடாமல், சிறிது நேரம் பிடித்திருத்தலும் அவசியம். பின்னர் நிழலிலே தட்டையாக வைத்து உலர்த்த வேண்டும். வெயிலில் இட்டால் தோல் வளையும். எண்ணெய் பூசுவது உலர்ந்த பின்பே.

என் மருமகள் பத்துத் தொன் பொறியை வாங்கவில்லை. பெயர்களுக்கும் சின்னங்களுக்கும் ஒரு தொன் நெம்புப் பொறி ஒன்றை வாங்கினாள். தாமரைக்கு வேறு வழி கிடைத்தது. வேலை நின்றுபோன ஓர் அச்சகத்திலே, புத்தகம் இறுக்கும் பழைய திருகு ஒன்று பழைய இரும்போடு கிடந்தது; நிறுத்து விலை பேசி வாங்கினோம். காபன் தாளிலே சோதித்து, ஒரு மூலைக்கு இரண்டு தாள் வைத்துச் சரிசெய்தோம். பதமான தோலும் தாமரைத் தகடும் ஓர் இரவு அதன் கீழ் இருந்தன. காலையிலே திருகைத் தளர்த்தியபோது ஒவ்வோர் இதழும் தெளிவாக நின்றது. சோடிக் காப்பிலே ஒன்று மாத்திரம் அடைவுக்குப் போயிற்று. ஏழாம் மாதம் அது மீட்கப்பட்டது. நாற்பது உறைகளும் விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே ஒப்படைக்கப்பட்டன.

பத்துத் தொன் பொறி தீயது என்று நான் சொல்லவில்லை. முழுத் தோலுக்கும் கோலம் பதிக்கும் தொழிற்சாலைகளிலே நூற்றுக்கணக்கான தொன் விசையுடைய பொறிகள் உண்டு. அவை அங்கே வேண்டியவை. நாளை அவளது வேலை பெருகினால் பெரிய பொறியும் வேண்டியதாகலாம். அப்பொழுது அதனை வாங்கச் சொல்வது வியாபாரியின் பேச்சாக இராது. அவளது கொப்பியாக இருக்கும்.

அந்தக் கொப்பியைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு புதுத்தோல் வந்ததும் அவள் ஒரு சிறு துண்டிலே பதித்துப் பார்த்து, அதனைப் பக்கத்தில் ஒட்டி, அருகிலே எழுதுகிறாள்: எந்தத் தோல், எத்தனை மில்லிமீற்றர் தடிப்பு, எத்தனை மணி நேரம் ஈரத்தில் இருந்தது, எத்தனை நிமிடம் அமுக்கப்பட்டது, பலன் யாது. ஒரு பக்கத்திலே, "நாலு மணித்தியாலம் போதாது, எழுத்து ஆழவில்லை, மறுநாள் பார்க்க" என்றிருக்கிறது. மறுபக்கத்திலே அந்த மறுநாளின் துண்டு இருக்கிறது. பாடசாலையிலே பரிசோதனைக் கொப்பி எழுதுவது புள்ளிக்காக மாத்திரம் என்று எண்ணும் பிள்ளைகள் இதனைப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டின் அடுப்பு எரிவதற்கும் அத்தகைய கொப்பி உதவும்.